தாளமும் காணியும்

இளைஞர் ஆடும் ஆட்டத்தை அரசியலுக்குப் புறம்பானதென்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். மின்னிசை நடனத்தின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

மோட்டார்த் தொழிற்சாலைகள் மூடுண்டு வேலையின்மை பெருகிய டெட்ரோயிற் நகரை அடுத்து வளர்ந்த ஜுவான் அற்கின்ஸ் முதலிய கறுப்பின இளைஞர், 1980களில் தாளப்பொறிகளைக் கொண்டு ரெக்னோ இசையை ஆக்கினர். பெரும்புகழோ கடல்கடந்தே கிடைத்தது.

பேர்லின் மதில் 1989இல் வீழ்ந்தபின் கிழக்கிலே கட்டடங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன. வெர்த்தைம் பேரங்காடியின் நிலவறையில் 1991இல் திறேசர் நடனக்கூடம் எழுந்தது. (அவ்வங்காடி, நாஜிகள் யூதக் குடும்பமொன்றிடமிருந்து பறித்தது என்பதை நாம் மறத்தலாகாது.) மதிலின் இருபுறத்து இளைஞரும் அங்கே ஒருங்கே ஆடினர்.

பிரித்தானியாவில் வெற்றிடமில்லை, காணியெல்லாம் உடையவர் கையில். 1992இல் காசில்மோட்டன் வெளியில் பல்லாயிரவர் அனுமதியின்றிக் கூடி ஆடினர். திறந்தவெளியில் 100 பேர் கூடும் இரவுநடனத்தைக் கலைக்கும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டம் பொலிசாருக்கு அளித்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் என்று இசைக்கும் அதுவே இலக்கணம் வகுத்தது. தொல்காப்பியரும் எண்ணாத துறை! பிறர் காணியுள் நுழைந்து அங்கு நடக்கும் அலுவலைக் குழப்புதலையும் அதே சட்டம் குற்றமாக்கியமை தற்செயலன்று. 2003இல் அந்த 100, 20 ஆயிற்று.

ஜேர்மனியோ 2024இல் பேர்லினின் ரெக்னோவைத் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அவ்வாண்டிறுதியிலேயே, செலவு தாங்கமுடியவில்லையென்று கூறி, வாட்டர்கேற் நடனக்கூடம் மூடப்பட்டது.