அரசுக் கட்டுமானப் பணிகள்: ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்பது எப்படி?

மத்திய அரசுத் துறைகளின் சாலை, பாலம், அலுவலகக் கட்டடம் போன்ற கட்டுமானப் பணிகள் பெரும்பாலும் மின்னணு ஒப்பந்தப்புள்ளி வாயிலாகவே வழங்கப்படுகின்றன. மிகக் குறைந்த விலை கோருபவருக்கே பணி கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. தகுதி ஆவணங்களில் குறை இருப்பின், ஒப்பந்ததாரர் கோரிய விலை எவ்வளவு குறைவாயினும் அது பார்க்கப்படாமலேயே அவரது புள்ளி நிராகரிக்கப்படும்.

மத்திய பொதுக் கொள்முதல் இணையதளத்தில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். பங்கேற்க விரும்புவோர் நிரந்தரக் கணக்கு எண், ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றுடன் மூன்றாம் வகை மின்னணு கையொப்பச் சான்றிதழும் பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பொதுவாக இரு உறை முறையே பின்பற்றப்படுகிறது. முதல் உறையில் தொழில்நுட்பத் தகுதியும் இரண்டாவதில் விலையும் இடம்பெறும். முதல் உறையில் தேர்ச்சி பெற்றவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும்.

தகுதியை அளக்கும் அளவுகோலை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ஆம் ஆண்டிலேயே வகுத்தளித்தது. அதன்படி, மதிப்பீடு ரூ.10 கோடி எனில், கடந்த 7 ஆண்டுகளில் அதே வகையிலான பணிகளில் தலா ரூ.4 கோடிக்குக் குறையாத மூன்றையோ, ரூ.5 கோடிக்குக் குறையாத இரண்டையோ, ரூ.8 கோடிக்குக் குறையாத ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல் ரூ.3 கோடியேனும் இருத்தல் வேண்டும். இவ்விகிதங்கள் துறைக்குத் துறை சற்றே மாறுபடுவதால், உரிய ஆவணத்தைப் படித்தே முடிவெடுக்க வேண்டும்.

அனுபவம் மிக்க நிறுவனங்களும் தடுமாறும் இடம் ஏலத்திறன் கணக்கீடு ஆகும். உச்ச ஆண்டு விற்றுமுதலைப் பணிக்கால ஆண்டுகளாலும், துறை நிர்ணயித்த பெருக்கெண்ணாலும் பெருக்கி, கைவசமுள்ள பணிகளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். விற்றுமுதல் ரூ.6 கோடி, பணிக்காலம் 2 ஆண்டுகள், பெருக்கெண் 1.5 எனில் ரூ.18 கோடி வரும். கைவசம் ரூ.10 கோடிப் பணிகள் இருந்தால் எஞ்சுவது ரூ.8 கோடி மட்டுமே. ரூ.10 கோடிப் பணிக்கு அந்நிறுவனம் தகுதி பெறாது. நடப்புப் பணிகளை மறைத்து, அது பின்னர் தெரியவந்தால் தடைப்பட்டியலில் சேர்க்கப்படும் அபாயமும் உண்டு.

முன்வைப்புத் தொகையிலும் கவனம் தேவை. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கை தரும் விலக்கு, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது; கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. உத்யம் சான்றிதழை மட்டும் நம்பி வைப்புத் தொகை செலுத்தாமல் விடுவது, புதிதாக வரும் சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பெரும் இழப்பாக முடியலாம்.

இணையதளத்திலிருந்து பதிவிறக்கும் விலைப்பட்டியல் கோப்பின் பெயரையோ அமைப்பையோ மாற்றக் கூடாது. இறுதி நேரத்தைத் தீர்மானிப்பது இணையதள வழங்கியின் கடிகாரமே. அறிவிப்புக்குப் பின் வெளியாகும் திருத்தங்களையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கோரியவரே பெரும்பாலும் தேர்வாகிறார். எனினும், தரத்துக்கு முன்னுரிமை தேவைப்படும் பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் வழங்க 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வழிவகுத்தது. தேர்வானவர் உரிய காலத்துக்குள் செயல்திறன் பிணைத்தொகை அளிக்கத் தவறினால், முன்வைப்புத் தொகையை இழக்க நேரிடும்.

அதே 2021 அறிவுறுத்தல்கள் பணம் வழங்கலையும் வரையறுக்கின்றன. பணியின்போது அளிக்கப்படும் பட்டியல்களுக்குரிய தொகையில் 75 சதவீதத்தை 10 வேலை நாள்களுக்குள்ளும், எஞ்சியதை 28 வேலை நாள்களுக்குள்ளும் வழங்க வேண்டும் என அவை கூறுகின்றன. பட்டியல் அளித்த தேதிக்கான ஒப்புகையைப் பெற்று வைத்திருப்பது, தாமதம் ஏற்படும்போது ஒப்பந்ததாரரின் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும்.