பேசின் பிரிட்ஜ் வட்டாரம்: வாரியக் குடியிருப்புகளும் குடியிருப்போர் பங்கேற்பும்

பக்கிங்காம் கால்வாயும், சென்ட்ரலிலிருந்து வடக்கிலும் மேற்கிலும் பிரியும் இருப்புப்பாதைகளும் சந்திக்கிற இடம் பேசின் பிரிட்ஜ். புளியந்தோப்பு, வியாசர்பாடி, பட்டாளம், மூலக்கொத்தளம் ஆகியவை இதைச் சூழ்ந்துள்ளன. 1806-இல் எண்ணூர் நோக்கி வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், 1856-இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய ரயில், 1876-இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலை என வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வேலைக்கு ஆள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வீடு கட்டித் தரப்படவில்லை. கால்வாய்க் கரையிலும் தாழ்ந்த நிலத்திலும் குடிசைகள் பெருகின. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிக்கப்பட்டதை வடசென்னை வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் அரசு கட்டிய வீடுகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பதில் பணத்துக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள அதே இடம், குடியிருக்கப் போகிறவரிடம் எந்தக் கட்டத்தில் கருத்துக் கேட்கப்பட்டது என்பதற்கும் உண்டு. பங்கேற்பு என்பது வரைபடம் முடிந்தபின் காட்டப்படும் மரியாதை அல்ல, கட்டுமானத் தரத்தின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் உருவானது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. அப்போது எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. மக்கள் பேச்சில் அது இன்றும் ஹவுசிங் போர்டுதான். வாரியம் முதலில் எடுத்த வழி துணிச்சலானது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே, மூன்று நான்கு மாடிகளில் சிறு வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் மிகச் சிறியவை என்றாலும் பிழைப்பும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. 2000-க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென் விளிம்பில் எழுந்த பெரும் குடியிருப்புகளில் இந்த அருகாமை போனது. விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்குப் பெரும்பாக்கத்தில் கிடைக்கும் 400 சதுர அடி எந்த விதத்திலும் ஈடாகாது. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

2021 வடசென்னைக்கு ஒரு பாடத்தை இரண்டு முறை கற்பித்த ஆண்டு. அந்த ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்பில் குடியேறியவர்கள், சுவரை விரலால் சுரண்டினாலே பூச்சு உதிர்வதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். இரண்டு கட்டங்களாக ஏறத்தாழ 1,900 வீடுகள் கொண்ட திட்டம் அது. சட்டமன்றம் வரை விவகாரம் போனது, பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஐ.ஐ.டி. சென்னையின் வல்லுநர் குழு தர ஆய்வு செய்தது. பூச்சுவேலையின் குறை அதில் உறுதிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1990-களில் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் முழுவதும் இடிந்து விழுந்தது. அதில் 24 வீடுகள் இருந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசலைக் கண்டவர்கள் அக்கம்பக்கத்தாரையும் வெளியே வரச்செய்திருந்தார்கள்.

இரண்டு நிகழ்வுகளிலும் குறையை முதலில் கண்டது அங்கே வாழ்ந்தவர்களின் கண்தான். கட்டடம் எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது தற்செயல் இல்லை என்பது விளங்கும். மணலில் தூள் அதிகமிருந்தாலோ, பூசியபின் க்யூரிங்குக்குப் போதிய நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலோ பூச்சு இறுகாது. மேலே வெள்ளை அடித்துவிட்டால் ஒப்படைக்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆணி அடிக்கும்போது தெரியும். கடலோரத்தில் சேதம் வேறு வழியாக வரும். உப்புக்காற்றோடு, மேல்வீட்டுக் கழிவறைக் குழாயின் கசிவும் சேர்ந்து ஈரத்தைக் கான்கிரீட்டுக்குள் கொண்டுபோகும். கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்த துரு கான்கிரீட்டைப் பிளந்து பெயர்க்கும். அந்தக் கசிவைக் கீழ்வீட்டுக்காரர் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரால் அதைப் பார்க்க முடியாது. குடியிருப்போர் தரும் தகவல் பொறியியல் தகவல். அதைப் பெற நிலையான ஏற்பாடு இல்லாத கட்டடம், கண் இல்லாத கட்டடம்.

வடிவமைப்பிலும் இதுவே பொருந்தும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஓர் அறையின் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வரைபடத்தில் அந்த அளவைக் காட்டிவிடலாம். ஆனால் பொது நடையை ஒட்டிய சன்னலைப் போகிறவர் வருகிறவர் பார்வைக்கு அஞ்சி நாள் முழுக்கச் சாத்தியே வைத்தால் காற்றோட்டம் காகிதத்தில்தான். எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு வேண்டும் என்று சமையலறையில் நின்று வேர்க்கிறவர் சொல்வார். மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது, ஐஸ் பெட்டியை எங்கே கழுவுவது, இட்லிக்கடைக்கு மாவரைக்கும் கிரைண்டரை எந்தத் தளத்தில் வைப்பது, எட்டாவது மாடியில் இறப்பு நேர்ந்தால் லிஃப்ட்டில் எப்படி இறக்குவது என்பதெல்லாம் வரைபடத்தின் கேள்விகள். வெள்ளமும் அப்படித்தான். 2015, 2021, 2023 மழைகளில் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தரைமட்டத்தையும், மோட்டார், மின்பெட்டி வைக்கும் உயரத்தையும் முடிவு செய்ய அதைவிட நம்பகமான அளவுகோல் கிடைப்பது அரிது.

பங்கேற்பு பலன் தந்ததற்குச் சான்று அருகிலேயே உண்டு. 1977-இல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளோடு சிறு மனைகளைக் கொடுத்தது. மக்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். பல வருமானத்தாருக்கான மனைகளும் ஒரே மனைப்பிரிவில் கலந்திருந்தன. அன்று தாமதம், ஆள் வராத மனைகள் எனக் குறை சொல்லப்பட்ட இவற்றை இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஆராய்ந்தவர்கள், நெருக்கமும் உயிர்ப்பும் கொண்ட குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். இலங்கையில் 1984-இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே போனது. கொழும்பின் குடிசைப் பகுதிகளில் மனைப்பிரிப்பையும் அங்கே பொருந்தும் கட்டட விதிகளையும் குடியிருப்போரே பட்டறைகளில் அதிகாரிகளோடு உட்கார்ந்து வகுத்தார்கள். கிணறு, நடைபாதை, வடிகால் போன்ற சிறு பணிகளின் ஒப்பந்தம் அவர்களின் மன்றங்களுக்கே தரப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது நிலம். மனை பிரித்துக் கொடுக்கக் கொடுங்கையூரில் அன்று இடம் இருந்தது, புளியந்தோப்பில் இன்று இல்லை. இது உண்மை. புணேயின் எரவாடாவில் பழைய சந்துகளை அப்படியே வைத்து, மாதிரிகளில் ஒன்றைக் குடும்பங்களே தேர்ந்தெடுத்து, அதே இடத்தில் கட்டிக்கொண்ட வழி சில இடங்களுக்குப் பொருந்தும். கே.பி. பார்க் போன்ற இடத்தில் உயரமாகக் கட்டுவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். ஆனால் மாடி உயர உயர லிஃப்ட், தண்ணீர் ஏற்றம், தீயணைப்பு, பராமரிப்புச் செலவு எல்லாம் கூடுகின்றன. அவற்றை மாதாமாதம் சுமக்கப்போகிறவர்களிடம் முன்கூட்டிப் பேசவேண்டிய தேவையும் அதோடு கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு காலதாமதம். பழைய பிளாக்கை இடித்தபின் வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கூட்டம் போட்டுப் பேசுவது கொடுமை என்பார்கள். அதனால்தான் பேச்சு இடிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். குடும்பங்கள் பழைய வீட்டில் இருக்கும்போது வரைபடத்துக்காகச் செலவாகும் சில மாதங்கள், ஒப்படைத்தபின் சுவரைப் பெயர்த்துப் பூசுவதைவிடக் குறைந்த தாமதம்.

மூன்றாவது, குடியிருப்போர் பொறியாளர்கள் அல்லர் என்பது. தூணின் கணக்கை அவர்கள் போட வேண்டியதில்லை. ஆனால் வாரியக் குடியிருப்புகளில் கொத்தனாரும் சித்தாளும் பெயின்டரும் பிளம்பரும் வாழ்கிறார்கள். ஊரெங்கும் பிறருக்குக் கட்டுகிறவர்களைத் தங்கள் சொந்தச் சுவரைப் பற்றி மட்டும் அறியாதவர்களாகக் கருதுவது நியாயமே இல்லை. கலவை ஊற்றும் நாளில் வேலையிடத்தைப் பார்க்க ஒரு குடியிருப்போர் குழுவுக்கு உரிமை தந்தாலே போதும், ஒப்பந்ததாரரின் நடத்தை மாறும்.

கடைசி மறுப்பே மிகக் கனமானது. கூட்டம் என்றால் கட்சிக்காரரும் வட்டாரப் பெரிய கைகளும் பேசுவார்கள், வாடகைக்கு இருப்பவரும் தனித்து வாழும் பெண்ணும் வாய் திறக்க மாட்டார்கள். வடசென்னையை அறிந்தவர் யாரும் இதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டமே இல்லாதபோதும் பேசுகிறவர்கள் இதே பெரிய கைகள்தான், மூடிய அறைக்குள். எல்லோரையும் ஒரே பந்தலில் உட்காரவைக்காமல் தளம்தளமாகவும், பெண்களைத் தனியாகவும் கேட்பது, வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கெடுப்பில் சேர்ப்பது, பதிவான கருத்தையும் அதற்கு வாரியம் சொன்ன பதிலையும் தமிழில் சுவரில் ஒட்டுவது ஆகியவை இந்த ஆதிக்கத்தைக் குறைக்கும் வழிகள்.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது. தமிழ்நாட்டில் வார்டு குழு, அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன, சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் குடியிருப்போர் சங்கங்களைப் பதிவு செய்து, பராமரிப்புக்கு அவர்கள் திரட்டும் தொகையோடு அரசின் பங்கையும் சேர்க்கிறது. இது நல்ல திட்டம். ஆயினும் மக்கள் அழைக்கப்படுவது துடைப்பத்தையும் மாதச் சந்தாவையும் கையில் எடுக்கும் கட்டத்தில். வரைபடத்தின் கட்டத்தில் இல்லை. 2023 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய தொகையோடு தொடங்கியது. பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் வேலையும் நடந்துவருகிறது. டெண்டர் அறிவிப்புக்கு முன் வரைபடத்தைப் பகுதி சபையில் வைத்து, அங்கே எழுந்த கேள்விகளுக்கான எழுத்துப் பதிலைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால், புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.