மீன்முள் ஆன்டெனாவிலிருந்து பென் டிரைவ் வரை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, படித்த துறையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் பாம்பன் மாமாவின் டெலிவிஷன் குறுக்கே வந்துவிட்டது.

மாமா விசைப்படகில் போகிறவர். நம் பக்கத்து ஏற்பாடு நண்பர்களுக்குத் தெரியும்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் இராத்திரி முழுக்கக் கடல்தான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சொன்னார்:

"மருமகனே, நான் கடலுக்குப் போற அன்னைக்குத்தான் நல்ல நல்ல படமாப் போடுறாய்ங்க. அதைப் புடிச்சு வச்சுக் காட்டுற பெட்டி இருக்காமுல்ல? வெல கம்மியாப் பாத்து ஒண்ணு வாங்கிக் குடு. ஆனா ஒண்ணு, டி.வி.யை மட்டும் மாத்தச் சொல்லாத."

அந்த டி.வி. அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டி.வி. 2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். 2011க்குள் தமிழகத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. மாமா வீட்டுப் பெட்டியின் மூலையில் அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. படமும் பழுதில்லை.

சின்ன விஷயம்தானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தேட ஆரம்பித்த பிறகுதான், இந்தக் கரையில் டெலிவிஷன் பார்ப்பதே ஆதியிலிருந்து ஒரு தொழில்நுட்பப் போராட்டமாக இருந்திருக்கிறது என்பது புரிந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி வாங்கிய கதை கடைசியில் வரும்.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதனால் நமக்கு ஒரு பயனும் இல்லை. இராமேஸ்வரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 430 கிலோமீட்டர் போல. டெலிவிஷன் அலை பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் வராது. இளைய மாணவர்களுக்கு ஒரு கணக்கு: கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்குங்கள். அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். நம் வீட்டு ஆன்டெனா பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு ஒரு 13 கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ளலாம்.

நமக்கு முதலில் படம் வந்தது வடக்கிலிருந்து அல்ல, தெற்கிலிருந்து. இலங்கையில் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. ஜப்பான் நாட்டு உதவியில் எழுந்த நிலையம். அதன் ஒளிபரப்புக் கருவி இருப்பது இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2524 மீட்டர். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 207 கிலோமீட்டர், நம் ஆன்டெனாவையும் சேர்த்தால் 220. இராமேஸ்வரமோ அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அப்படியானால் படம் வரவே கூடாது! ஆனால் வந்தது.

காரணம் கடல். வெக்கை காலத்தில் கடலை ஒட்டிய காற்று ஈரமாகவும் குளிர்ச்சியாகவும், அதற்கு மேலே இருக்கும் காற்று சூடாகவும் உலர்ந்தும் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் அலை ஒரு குழாய்க்குள் போவதுபோல வளைந்து வளைந்து அடிவானத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் காற்றில்லாத சித்திரை ராத்திரியில் கண்ணாடி மாதிரித் தெரிந்த படம், காற்று கிளம்பினால் வெறும் புள்ளியாகிவிடும். "இன்னைக்குக் காத்து சரியில்ல, ரூபவாகினி எடுக்காது" என்று பெரியவர்கள் சொன்னது மூடநம்பிக்கையில்லை, சுத்தமான இயற்பியல்.

இந்தியாவும் இலங்கையும் ஒரே பால் முறையைப் பின்பற்றியது நமக்குக் கிடைத்த இன்னொரு அதிர்ஷ்டம். இங்கே வாங்கிய பெட்டியிலேயே அங்கத்திய படம் தெரிந்தது. மொட்டை மாடியில் உயரமான குழாய், அதன் உச்சியில் மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனா, கூடவே ஒரு பூஸ்டர். முகம் தென்கிழக்கு. ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் கீழே டி.வி. முன்னால் உட்கார்ந்து "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... நிப்பாட்டு!" என்று கத்த, நடுவில் ஒருவர் ஜன்னலில் நின்று அஞ்சல் செய்வார். உப்புக்காற்று அந்த அலுமினியத்தை அரித்துவிடும். சில வருஷத்துக்கு ஒரு ஆன்டெனா என்பது எங்கள் பக்கத்து வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு இனம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் வந்தது. இங்கும் கணக்கு விளையாடியது. சுமார் 2100 மீட்டர் உயரத்துக்கு அடிவானம் 190 கிலோமீட்டர். இராமநாதபுரம் நகரம் 175 கிலோமீட்டரில் இருப்பதால் எல்லைக்குள்ளே வந்துவிட்டது. இராமேஸ்வரம் 225 கிலோமீட்டர், வெளியே நின்றுவிட்டது. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலையில் நாடே ராமாயணம் பார்த்தது. "ராமர் பூசை பண்ணுன ஊர்ல ராமரே புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சாரு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குறையைத் தீர்த்தது தொண்ணூறுகளின் நடுவில் இராமேஸ்வரத்தில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம். உயரம் 323 மீட்டர். கான்கிரீட் தண்டு, அதன் மேலே இரும்புக் கம்பம். நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வெளியூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அத்தனை உயரம் எதற்கு என்று கேட்பவர்கள் அதே வர்க்கமூலக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 74 கிலோமீட்டர், வீட்டு ஆன்டெனாவோடு 87. மேற்கே இராமநாதபுரம் அடங்கும். கிழக்கே மன்னார் அடங்கும். வடகிழக்கே யாழ்ப்பாணத்தின் விளிம்பைத் தொடும். பத்து வருஷம் நாம் அவர்கள் படத்தைப் பார்த்தோம், பிறகு அவர்களும் நம் படத்தைப் பார்க்கட்டும் என்று கட்டியதுபோல இருக்கும்.

இனி பதிவு செய்யும் கதை.

நம் ஊர்ப்பக்கம் யாரும் வி.சி.ஆர். என்று சொன்னதில்லை. 'டெக்'தான். ஜப்பானில் 1975இல் பீட்டாமேக்ஸ், 1976இல் வி.எச்.எஸ். என்று வந்த இரண்டில் வி.எச்.எஸ். ஜெயித்தது, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து அரபு நாட்டுப் பயணிகளின் பெட்டிகளில் அதுவே வந்து இறங்கியது. இல்லாதவர்கள் டி.வி.யோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டினார்கள். டெக் என்பது நம்மவர்களுக்குப் படம் ஓட்டுகிற இயந்திரம். அதில் சிவப்பு நிறத்தில் ஒரு பதிவுப் பொத்தான் இருந்ததையே பலர் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பொத்தானுக்காக அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் இப்படி, நால்வர் அப்படி. ஒருவர் மாறியிருந்தால் மாமா கேட்ட பெட்டியின் வரலாறே வேறு.

ஒளிநாடாவின் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை வைத்த டிவோ 1999இல் அமெரிக்கக் கடைக்கு வந்தது. இந்தியாவில் 2008இல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது அது வசதியுள்ளவர்கள் சமாச்சாரம். பிறகு பென் டிரைவ் மலிவானது, எல்லாம் மாறியது. செட்டாப் பாக்ஸுக்குள் ஹார்ட் டிஸ்க் வைக்கத் தேவையில்லை, ஒரு யு.எஸ்.பி. துளை போதும் என்றாயிற்று. ஏனென்றால் டிஜிட்டலில் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பெட்டி புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, வருகிற தகவலை அப்படியே எழுதிவைத்தால் போதும். சாதாரணச் சேனல் நொடிக்கு இரண்டு மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணிக்கு 900 எம்.பி. 32 ஜி.பி. பென் டிரைவில் பத்துப் படம் தாராளமாக நிற்கும். பழைய கேசட்டில் நின்றது மூன்று மணி நேரம்.

அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும், 2017 செப்டம்பரில் செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்ததும் நண்பர்கள் அறிந்ததே. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவசக் குடை இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் ஓடுகிறது. தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலான இடங்களில் 2022 மார்ச்சுக்குள் முடித்துக்கொள்வதென்று பிரசார் பாரதி முடிவெடுத்தபோது மீன்முள்ளின் காலம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஃப்ரீ டிஷ் குடையும் நம் கரையில் தென்கிழக்கைத்தான் பார்க்கிறது. பார்வை மட்டும் கடலிலிருந்து 70 டிகிரி வானத்துக்கு ஏறிவிட்டது.

இப்போது மாமாவின் பெட்டி. இதில் நான் முதலில் அசடு வழிந்ததையும் சொல்ல வேண்டும். பொறியாளர் என்ற மிதப்பில், பதிவு வசதியுள்ள புதுப்பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கிக்கொண்டு பாம்பன் போனேன். பின்பக்கம் பார்த்தால் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும். மாமா டி.வி.யிலோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றுதான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான், "காலேஜ்ல இதச் சொல்லித் தரலையாப்பா?" என்றார்.

ஆகவே பழைய டி.வி. வைத்திருப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் பெட்டியின் முதுகைப் பார்க்கவும். மூன்று வண்ணத் துளை இருந்தால் கவலையில்லை. சிலதில் அதற்குப் பதில் ஹெட்போன் துளை போல ஒன்று இருக்கும், அதற்கென்று தனி வயர் உண்டு. வேறு வயரைச் செருகினால் உள்ளிணைப்பு மாறி, படம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரும். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகினால் சில நேரம் சரியாகிவிடும். எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் என்றால் இடையில் ஒரு மாற்றி வைக்க வேண்டும், அதற்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். மெனுவில் பால் என்றும் 4:3 என்றும் வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது எல்லோரும் ஒல்லியாகித் தெரிவார்கள்.

எந்த வகைப் பெட்டி என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஃப்ரீ டிஷ் பெட்டி ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குள் முடிந்துவிடும். மாதச் சந்தா இல்லை. பதிவு செய்ததைக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். என் மனசு அதன் பக்கம்தான். ஆனால் தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் மிகக் குறைவு, மாமா கேட்பதோ தமிழ்ப் படம். கட்டணப் பெட்டியில் சேனல் எல்லாம் வரும், ஆனால் பதிவைப் பூட்டு போட்டுத்தான் வைக்கும். அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது, சந்தா நின்றால் பெரும்பாலும் பதிவும் நின்றுபோகும். யு.எஸ்.பி. துளை கண்ணுக்குத் தெரிந்தாலும் பதிவு வேலை செய்யாத பெட்டிகள் நிறைய. கடைக்காரரை வைத்துக்கொண்டே ஒரு நிமிஷம் பதிந்து, திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கடைசியில் மாமாவுக்கு மூன்று வண்ணத் துளையும் பதிவு வசதியும் உள்ள கட்டணப் பெட்டியே வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் வைக்கவில்லை. சாதாரண யு.எஸ்.பி. துளை தரும் அரை ஆம்பியர் மின்சாரம் அதற்குப் போதாமல் பாதியில் நின்றுவிடும் என்பதால் பென் டிரைவ்தான். பதிவின் நடுவில் கரண்ட் போய் இரண்டு தடவை பென் டிரைவ் கெட்ட பிறகு, ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தோம். பெட்டியைவிட யு.பி.எஸ். விலை அதிகம்! இப்போது மாமி டைமர் வைக்கிறார். மாமா கரை வந்து, மீனைப் பிரித்து, தூங்கி எழுந்து, சாயந்திரம் படம் பார்க்கிறார். "இதுல வெளம்பரத்த ஓட்டி விட்ரலாம் மருமகனே" என்பதுதான் அவர் கண்ட பெரிய லாபம்.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொரு விஷயம் உறுத்துகிறது. நம் கல்லூரியின் தொண்ணூறுகளின் ஆண்டுவிழாக்களை அந்தக் காலத்து மாணவர்கள் வீடியோ எடுத்தார்கள். அதில் மூன்று வி.எச்.எஸ். கேசட்டை ஒரு மூத்த அண்ணன் வீட்டில் போன மாதம் பார்த்தேன். இன்று நம்மிடையே இல்லாத ஆசிரியர்கள் இருவர் அதில் பேசுகிறார்களாம். இரண்டு கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. நம் கடற்கரை ஈரத்தில் அது பரவாமல் இருக்காது. உலகின் கடைசி டெக் தயாரிப்பாளரான ஃபூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் கிடைப்பதும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது.

என்னிடம் ஓடுகிற டெக் ஒன்றும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யு.எஸ்.பி. கருவி ஒன்றும் இருக்கின்றன. வீட்டில் கல்லூரிக் கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். பூஞ்சை பிடித்த நாடா டெக்கின் ஹெட்டையும் கெடுக்கும், தானும் அறுந்துபோகும். வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த வருஷம் என்று துண்டுச்சீட்டு எழுதி, சந்திப்பு நாளன்று பதிவு மேஜையில் கொடுத்துவிடுங்கள். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பூஞ்சை இல்லாத அந்த மூன்றாவது கேசட்டை ஓட்டுவதாக இருக்கிறோம். அரங்கத்துப் புரொஜெக்டருக்கு மாற்றி வேண்டும், அதை இந்த முறை மறக்காமல் கொண்டுவருகிறேன்.