சுமை இழுக்கும் பழைய ட்ரக்: சில சாட்சியங்கள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் ட்ரக் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மைல் ஓடியது என்பது. அடுத்தது, எவ்வளவு எடையை இழுக்கும் என்பது. இரண்டுக்கும் எண்ணாகவே விடை கிடைத்துவிடும். அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதோ வண்டி பிறந்த ஆண்டைப் பொறுத்தது. பழைய ஓலையைக் கையிலெடுக்கும் ஆய்வாளர், இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், பொய்யாக எழுதியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்டுக்கொண்ட பிறகே படிக்கத் தொடங்குகிறார். ட்ரக்கையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம். சக்கர வீட்டையோ குதிரைகளையோ படகையோ பின்னால் கட்டிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும் குடும்பத்தின் உயிர் அந்த எண்களின் மீதுதான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். தொடக்க காலத்தில் விவசாயிகள் காரின் பின்பகுதியை அறுத்தெடுத்துவிட்டுத் தாங்களே மரப்பெட்டி பொருத்திக்கொண்டார்கள். 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரைப் பெட்டியோடு சேர்த்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 1948-இல் வந்த எஃப் வரிசை, அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று சுமக்கும் திறனைக் கொண்டு வகை பிரிக்கும் பழக்கத்தைத் தொடர்ந்தது. இன்றும் அந்தப் பெயர்கள் வழங்குகின்றன. ஆனால் அரை டன் வண்டி அரை டன்தான் சுமக்கும் என்பது என்றோ பொய்த்துவிட்டது. 1975-இல் வந்த எஃப்-150 வேறொரு கதை. அவ்வாண்டின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட வண்டிகளுக்குப் புகை வடிகட்டும் வினையூக்கிக் கருவி தேவைப்படவில்லை. அந்த எல்லையைச் சற்றே தாண்டும்படி வடிவமைக்கப்பட்ட வண்டி அது. எனவே ட்ரக்கின் பெயர் அதன் வலிமையைச் சொல்லும் அளவுகோல் அன்று. சட்டமும் சந்தையும் சேர்ந்து இட்ட பெயர் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, விற்பவர் வாய்ச்சொல். 1939-இல் வெளிவந்த ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலின் ஏழாம் அத்தியாயம், நிலமிழந்து கலிபோர்னியா நோக்கிக் கிளம்பும் குடியானவர்களிடம் பழைய வண்டிகளைத் தள்ளிவிடும் வியாபாரிகளைப் பற்றியது. தேய்ந்த பற்சக்கரங்களின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க மரத்தூளைப் போட்டு அடைக்கும் தந்திரம் அதில் வருகிறது. ஜோட் குடும்பம் வாங்கும் வண்டியும் ஹட்சன் காரை வெட்டி ட்ரக்காக்கியதுதான். அந்நாளில் வாங்குபவருக்குத் துணையாக இருந்தவை அவருடைய காதும் கையும் மட்டுமே.

இந்தச் சங்கடத்துக்கு 1970-இல் ஒரு பொருளியல் விளக்கம் கிடைத்தது. ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானவை பெருகும், விலை மேலும் இறங்கும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய அக்கட்டுரையின் ஆசிரியர் 2001-இல் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்வந்த சட்டங்கள் எல்லாம் ஒருவகையில் விற்பவரை வாய்திறக்க வைக்கும் முயற்சிகளே எனலாம்.

1972-இன் சட்டம் ஓடோமீட்டரைத் திருப்பிவைப்பதை நாடு முழுவதற்குமான குற்றமாக்கியது. 1986-இன் சட்டம் ஓடிய தூரத்தை உரிமைப் பத்திரத்திலேயே எழுதச் செய்தது. இடையில், 1981 மாடல் ஆண்டிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் 17 இலக்க அடையாள எண் கட்டாயமாயிற்று. அதன் பத்தாவது இடம் மாடல் ஆண்டைச் சொல்லும். 1985-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வியாபாரிகள் வண்டிக்கு உத்தரவாதம் உண்டா, அல்லது இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறதா என்பதைக் கண்ணாடியில் ஒட்டிய தாளில் சொல்லியாக வேண்டும். தெருவில் தன் வீட்டு முன் வண்டியை நிறுத்தி விற்கும் தனி மனிதருக்கு இவ்விதி பொருந்தாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பத்தாண்டு கடந்த வண்டிக்கு ஓடிய தூரத்தை அறிவிக்க வேண்டியதில்லை என்று நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2021 முதல், 2011 மாடலுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அந்தக் காலம் 20 ஆண்டாக நீட்டப்பட்டது. ஆக, 2010 ட்ரக்கையும் 2011 ட்ரக்கையும் அருகருகே நிறுத்தினால், இரண்டின் மைல் கணக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்துச் சாட்சியம் அன்று. முன்னதற்குப் பராமரிப்பு ரசீதுகளைத்தான் தேட வேண்டும். இன்னும் பழைய பல ட்ரக்குகளில் ஓடோமீட்டருக்கு ஐந்தே இலக்கங்கள். 40,000 என்று காட்டினால் அது 40,000-ஆகவும் இருக்கலாம், 1,40,000-ஆகவும் இருக்கலாம்.

மூன்றாவது, எஞ்சினின் புகழ். ஃபோர்டின் 'பவர் ஸ்ட்ரோக்' என்ற ஒரே பெயரில் இரு டீசல் எஞ்சின்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டையும் செய்து தந்தது நேவிஸ்டார் நிறுவனம். 1994 முதல் வந்த 7.3 லிட்டர் எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்றது. 2003-இல் வந்த 6.0 லிட்டர், எண்ணெய்க் குளிர்விப்பான் அடைப்பு, சிலிண்டர் தலைக் கேஸ்கட் கசிவு போன்றவற்றால் பேர் கெட்டது. விவகாரம் முற்றி இரு நிறுவனங்களும் 2007-இல் நீதிமன்றம் ஏறின. 2003 மாடலில் இரண்டு எஞ்சின்களுமே உண்டு என்பதால் ஆண்டை மட்டும் கேட்பது போதாது. 1989-இல் டாட்ஜ் ட்ரக்குக்கு வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினும் அவ்வாறே. வேளாண் இயந்திரங்களிலும் தொழிற்கூடங்களிலும் உழைத்த குலத்தில் வந்தது என்பதால் அதற்கு மிகுந்த மரியாதை. ஆனால் 1990களின் இறுதியையொட்டி வந்தவற்றில் '53' என்ற எண் வார்க்கப்பட்ட இரும்புப் பிளாக்குகள் விரிசல் விடக்கூடியவை என்று அறியப்பட்டன. விளம்பரத்தில் இல்லாத செய்தி இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க வண்டிக்கு அடியில் குனியத்தான் வேண்டும்.

நான்காவதும் முக்கியமானதும், இழுவைத் திறன். இதை நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து அறிவித்துவந்தது. போட்டியாளர் ஒரு எண்ணைச் சொன்னால் அதற்கு நூறு பவுண்டு கூட்டிச் சொல்வதைத் தடுக்கப் பொது அளவுகோல் இல்லை. 2008-இல்தான் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொதுமுறையை வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் அணையருகே ஏறும் 11.4 மைல் மலைச்சாலையை, கோடை வெயிலில், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, முழுச் சுமையோடு, இரு பின்சக்கர வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக்காட்ட வேண்டும். 12 விழுக்காட்டுச் சரிவில் நின்ற நிலையிலிருந்து திரும்பத் திரும்பப் புறப்படவும் வேண்டும். டொயோட்டா 2011 டண்ட்ராவுக்கு முதலில் இதை ஏற்றது. அதனால் அவ்வண்டியின் அறிவிக்கப்பட்ட எண் குறைந்தது. வண்டி பலவீனமாகிவிடவில்லை, அளவுகோல் நேரானது. அமெரிக்க நிறுவனங்கள் மூன்றும் தம் அரை டன் ட்ரக்குகளுக்கு 2015 மாடலையொட்டித்தான் இம்முறைக்கு வந்தன. ஆகவே 2008 ட்ரக்கின் 10,000 பவுண்டையும் 2016 ட்ரக்கின் 10,000 பவுண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அந்த நேர்மையான எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. ஜே2807 கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இருவர், ஆளுக்கு 150 பவுண்டு. ஒரு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம். 9,000 பவுண்டு இழுக்கும் என்று அறிவிக்கப்பட்ட அரை டன் ட்ரக். ட்ரெய்லரோ 7,000 பவுண்டுதான். பார்வைக்கு நிறைய மிச்சம். ஆனால் ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் வழியாக ட்ரக்கின் மீதே இறங்கும். 13 விழுக்காடு என்று கொண்டால் 910 பவுண்டு. நால்வர் கொண்ட குடும்பம் 600 பவுண்டு. கூட்டினால் 1,510. ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் ஆட்களும் சரக்குமாக 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தால், ஒரு பை ஏற்றும் முன்பே எல்லை முடிந்துவிட்டது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து 10,000 பவுண்டுக்குட்பட்ட வண்டிகளில் காணும் அந்தத் தாள், ஒரு வகை மாடலுக்கு அல்ல, அந்தத் தனி வண்டிக்கென்று எழுதப்பட்டது. நம் பார்வையில் விளம்பரத்தின் பெரிய எண்ணைவிட அந்தச் சிறிய எண்ணுக்கே மதிப்பு அதிகம். அதைக் கண்டு தயங்குபவர் முக்கால் டன் வண்டியைத் தேடுவதே முறை.

எழுத்தெல்லாம் முடிந்தபின் உடலைப் பார்க்க வேண்டும். முகப்புப் பலகைக்கு அடியில் ட்ரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்திய திருகுத் துளைகள் இருந்தால், எதையும் இழுத்ததில்லை என்ற சொல் நிற்காது. தானியங்கிக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் சிவந்திருக்க வேண்டும். பழுப்பேறிக் கருகல் வாடை வீசினால் அது பட்ட பாடு தெரிந்துவிடும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் வட மாநிலங்களில் ஓடிய வண்டியின் சேஸிஸை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவசியம். மேல்பூச்சு மறைத்த துருவை அந்த ஓசை சொல்லிவிடும். இழுத்த வண்டி என்பதாலேயே அதை ஒதுக்கவும் வேண்டியதில்லை. ரசீதோடு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு இழுத்த வண்டி, கேள்விக்குரிய மௌனத்தோடு நிற்கும் பளபளப்பான வண்டியைவிட மேல்.

1972-இலிருந்து அரை நூற்றாண்டாக வந்த சட்டங்களும் அளவுகோல்களும், 1939-இன் குடியானவருக்கு இல்லாத பல சாட்சிகளை நமக்குத் தந்திருக்கின்றன. அவை ஒரே நாளில் வந்தவை அல்ல என்பதால் ஒவ்வொரு ட்ரக்கும் தன் காலத்தின் உண்மையை மட்டுமே ஏந்தி நிற்கிறது. விலை பேசுமுன் மாடல் ஆண்டைக் கேட்டு, அந்த ஆண்டில் எதையெல்லாம் மறைக்க முடிந்தது என்று யோசிப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். மீதிப் பாதிக்கு ஒரு கைவிளக்கும், வண்டிக்கு அடியில் படுக்க ஒரு பழைய போர்வையும் போதும்.