மான்ட்ரியால் நகரில் வீடு மாறும் நாள்

வாடகை வீட்டில் வாழ்ந்தோர் பலரும் ஓர் அனுபவத்தை அறிவர். காலி செய்வதாகச் சொல்லிவிட்ட வீட்டில் நாம் இன்னும் குடியிருக்கும்போதே, அடுத்துக் குடிவர எண்ணுவோர் அதனைப் பார்க்க வருகின்றனர். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். தொட்டிலில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். முன்பின் அறியாத நால்வர் வாயிலில் வந்து நிற்பர். அந்த நேரத்தில் அவ்வீடு யாருடையது? வாடகை கொடுப்பவருடையதா, வீட்டுக்காரருடையதா, இனி வரப்போகிறவருடையதா? சிறு தொல்லையாகத் தோன்றும் இதனுள்ளே ஒரு பெரிய உரிமைக் கேள்வி அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் குறித்த சில மாதங்களில் ஒரு பெருநகரம் முழுவதுமே இத்தொல்லைக்கு ஆட்பட்டு வந்த வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். அந்நகரம், கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலுள்ள மான்ட்ரியால்.

கியூபெக் மாகாணத்தாரில் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழி பேசுவோர். உடைமை, திருமணம், ஒப்பந்தம் முதலியவற்றில் அவர்களை ஆள்வது பிரெஞ்சு மரபில் வந்த குடிமைச் சட்டத்தொகுப்பு. 1866ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பழைய தொகுப்பின்படி, நகரத்து வாடகை ஒப்பந்தங்கள் மே மாதம் 1ஆம் நாள் தொடங்கி, அடுத்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் முடிவுறும். ஏன் மே மாதம் என்று கேட்கலாம். அது கடுங்குளிர் நாடு. டிசம்பர் முதல் மார்ச்சு வரை தெருக்களைப் பனி மூடிக் கிடக்கும். நடுக்குளிரில் ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது அதனைச் சாகவிடுவதற்கு ஒப்பாகும். பனி உருகிய பின்னர், வண்டிகள் தட்டின்றி ஓடக்கூடிய காலத்தில் வீடு மாறட்டும் என்பது இரக்கமும் வசதியும் சேர்ந்த ஏற்பாடுதான். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இதே மே முதல் நாளே வீடு மாறும் நாளாக இருந்தது. அங்கு நிகழ்ந்த அமளியைப் பிரான்சிஸ் டிரோலப் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1832இல் வெளியான தம் பயண நூலில் வருணித்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு நியூயார்க்கில் அவ்வழக்கம் மறைந்தது. மான்ட்ரியாலில் அது மறையவில்லை.

நல்ல நோக்கத்தோடு வகுத்த நாள், நகரம் பெருகப் பெருகச் சுமையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்ட்ரியாலில் பத்துக் குடும்பங்களுக்கு எட்டுக்கு மேல் வாடகைக் குடும்பங்களே. எல்லா ஒப்பந்தங்களும் ஒரே நாளில் முடிகின்றன. ஆகவே மாற விரும்புவோர் யாவரும் ஒரே காலத்தில் வீடு தேடவேண்டும். பனி இன்னும் கரையாத நாள்களிலேயே வீட்டு முகப்புகளில் 'வாடகைக்கு விடப்படும்' என்ற அறிவிப்புகள் தோன்றிவிடும். பலகை தொங்கும் வீடு காலி வீடு அன்று என்பதை நாம் மறக்கலாகாது. அதனுள்ளே ஒரு குடும்பம் இன்னும் சமைத்து உண்டு உறங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. காலையில் தன் வீட்டுக் கதவைத் திறந்து அயலாருக்கு வழிவிட்ட தாயே, மாலையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தியின் கதவைத் தட்டுகிறாள். பார்க்க வந்தவளும் பார்க்கப்படுகிறவளும் ஒரே நிலையில் உள்ளவர்கள். ஒருத்தியின் கலைந்த படுக்கையை மற்றவள் பார்க்கிறாள். ஒருத்தியின் இருமும் குழந்தையை மற்றவள் ஓரக்கண்ணால் நோக்குகிறாள். இருவர்மீதும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒருநாள் வாடகையும் வீணாகாமல் அடுத்த குடியை அமர்த்த வேண்டும் என்ற கணக்கு வீட்டுக்காரருடையது. அக்கணக்கின் செலவை ஏற்றவர்கள் இப்பெண்கள்.

வீட்டைக் கூர்ந்து பாராமல் இருக்கவும் இயலாது. ஹெர்பர்ட் ஏம்ஸ் என்ற தொழிலதிபர், 1896இல் மான்ட்ரியாலின் தென்மேற்குத் தாழ்நிலப் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, மறு ஆண்டு 'குன்றின் கீழுள்ள நகரம்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் குழிக் கழிப்பிடங்களே இருந்தன என்று அவர் கண்டார். 1900ஆம் ஆண்டையொட்டி, அந்நகரில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதலாண்டு நிறையுமுன் இறந்தது. ஆகவே சுவரில் ஈரக்கசிவு உண்டா, குழாயில் நீர் வருகிறதா, கழிப்பிடம் எங்கே என்று அயலார் வீட்டுக்குள் துருவிப் பார்த்த தாயை நாகரிகமற்றவள் என்று சொல்வார் உளரோ? அவள் தேடியது தன் குழந்தையின் உயிருக்குப் பாதுகாப்பு.

அந்நகர வீடுகளின் அமைப்பையும் சொல்லவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று குடித்தனங்கள். மேல்வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு பெரும்பாலும் தெருப்பக்கம், வெளியிலே இருக்கும். மார்ச்சு மாதத்தில் அப்படிகளின்மேல் பனிக்கட்டி உறைந்திருக்கும். வயிற்றில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஒரு நாளில் பத்து வீடுகளின் படியேறி இறங்குவதை மாணவ நண்பர்கள் மனக்கண்ணில் பார்க்கவேண்டுகிறேன்.

இக்காட்சியை இலக்கியமாக்கியவர் கப்ரியேல் ருவா என்னும் பெண் எழுத்தாளர். 1945இல் வெளியான 'பொன்னர் தொக்கசியோன்' என்ற அவருடைய பிரெஞ்சு நாவலுக்கு 1947இல் பிரான்சு நாட்டின் பெமினா பரிசு கிடைத்தது. மான்ட்ரியாலின் சேன் ஆன்றி என்ற தொழிலாளர் பகுதியில், 1940ஆம் ஆண்டில் நிகழும் கதை அது. பல குழந்தைகளின் தாயான ரோசன்னா, மீண்டும் கருவுற்ற நிலையில், மே மாதம் நெருங்குகிறதே என்ற கவலையோடு தெருத்தெருவாக வீடு தேடி அலைகிறாள். கணவனுக்கு நிலையான வேலை இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட, கிடைக்கும் வீடு சிறுத்துக்கொண்டே போகிறது. நாவலில் என் நெஞ்சைத் தைத்த இடம் ஒன்று உண்டு. அக்குடும்பம் புறப்படுமுன்னரே புதுக் குடித்தனக்காரர் தட்டுமுட்டுப் பொருள்களோடு வந்து இறங்கிவிடுகின்றனர். ஒரே கூரையின்கீழ், போகிறவர்களும் வந்தவர்களும் நெருங்கியடித்துக்கொண்டு இரவைக் கழிக்க நேர்கிறது. கடைசியில் ரோசன்னாவுக்குக் கிடைத்த இடம் இருப்புப்பாதையை ஒட்டிய வீடு.

மே முதல் நாளின் மற்றொரு கேட்டினை அரசு பின்னரே கருத்தில் கொண்டது. மே மாதத்தில் பள்ளி ஆண்டு இன்னும் முடிந்திருக்காது. வீடு மாறும் பிள்ளை பள்ளியும் மாறவேண்டியதாகிறது. பழகிய ஆசிரியரையும் தோழரையும் விட்டு, தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது புதிய வகுப்பில் போய் அமர்கிறது. 1973ஆம் ஆண்டில் கியூபெக் அரசு, ஒப்பந்தங்கள் குறித்த நாளிலேயே முடியவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது; 1974 ஏப்ரல் 30இல் முடியவிருந்த ஒப்பந்தங்களை ஜூன் 30 வரை நீட்டித்தது. இவ்வாறு வீடு மாறும் நாள் ஜூலை 1ஆம் நாளுக்கு நகர்ந்தது. நாளைப் பரவலாக்குவது அரசின் எண்ணம். மக்களோ பழக்கத்தை விடாமல் புதிய நாளையும் ஒரே நாளாக்கிக்கொண்டனர். ஜூலை 1 கனடாவின் தேசிய விழா நாள் என்பதும், அன்று மான்ட்ரியாலில் கொடியைவிட மெத்தைகளே மிகுதியாகத் தெருவில் காணப்படும் என்பதும் வேடிக்கைக்குரிய செய்தி. ஆயினும் ஒன்றைப் பாராட்டவேண்டும். பனிக்காக வகுக்கப்பட்ட நாட்காட்டி, ஒரு நூற்றாண்டு கழித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திருத்தப்பட்டது.

வாயிற்படியின் வழக்கு என்னவாயிற்று? 1994 முதல் நடைமுறையிலுள்ள புதிய குடிமைச் சட்டத்தொகுப்பு அதனைத் தீர்க்க முயல்கிறது. குடியிருப்பவர் காலி செய்வதாக அறிவித்துவிட்டால், வீடு பார்க்க வருவோரை அனுமதிக்கவேண்டும். பலகை தொங்கவிடுவதையும் தடுக்கலாகாது. ஆனால் காலை 9 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வருவோரை அவர் மறுக்கலாம். வீட்டுக்காரர் உடன் வர இயலாதபோதும் கதவைத் திறக்க மறுக்கலாம். பிள்ளைகள் உண்டு என்பதையோ, கருவுற்றிருக்கிறாள் என்பதையோ காரணம் காட்டி ஒருவருக்கு வீடு இல்லையென்று சொல்வதும் அதே தொகுப்பில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ரோசன்னா கேட்டிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பாள்.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியிருக்கிறது. வீட்டின் நிலையைச் சோதிக்கவோ, பழுது பார்க்கவோ, வீட்டை விலைக்கு வாங்க எண்ணுவோருக்குக் காட்டவோ, வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகைக்கு வர எண்ணுவோர் பெயர் அப்பிரிவில் இல்லை. வாங்க வருகிறவருக்காக வீட்டை ஒழுங்குசெய்ய ஒரு நாள் கிடைக்கிறது. குடிவர எண்ணுகிறவர் வரும்போதோ அத்தகைய கால அளவை அப்பிரிவு வகுக்கவில்லை. இளவேனிற் காலத்து மாலையொன்றில், வெளிப்படிக்கட்டில் காலடி ஓசை கேட்டதும், தரையில் பரந்து கிடக்கும் பொம்மைகளை வாரிக் கூடைக்குள் போடும் தாய் அந்நகரில் இன்றும் இருக்கிறாள்.