எட்டு சிப்பாய்கள் மட்டும்

ஆரணி என்றால் பட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த ஊரைச் சுற்றிய நெல்வயல்களில் இரண்டு பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. கடந்த சில வாரங்களாக அவற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். யார் யாரை வென்றார்கள் என்ற கதை எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. செத்தவர்கள் யார் என்ற கேள்விதான் விடவில்லை.

முதல் சண்டை 1751 டிசம்பரில். ஆற்காடு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவ், மராத்தியக் குதிரைப்படையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவனோடு இருந்த பிரெஞ்சுக்காரர்களையும் ஆரணி அருகே மடக்கினார். ஈரம் ஊறிய நெல்வயல், நடுவில் கோட்டையை நோக்கிப் போகும் ஒரு மேட்டுப்பாதை, பக்கத்தில் தோப்பு. இவ்வளவுதான் போர்க்களம். கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இழப்புக் கணக்கையும் தருகிறார்: ஆங்கிலேயர் தரப்பில் ஐரோப்பியர் ஒருவர்கூட சாகவில்லை, எட்டு சிப்பாய்கள் மட்டும் போனார்கள், மராத்தியரில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 50 பேர்.

அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். எட்டுப் பேர் என்றால் எட்டு வீடு. பெயர் இல்லை, ஊர் இல்லை.

அதே சண்டை முடிந்த கையோடு இன்னொன்றும் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் பயிற்சி பெற்ற சுமார் 600 சிப்பாய்கள் ஆயுதத்தோடு வந்து கிளைவிடம் சேர்ந்துகொண்டார்கள். துரோகம் என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளம் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குச் சண்டை போட்டவர்கள் அவர்கள். தேசம் என்ற சொல்லை இன்றைய பொருளில் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர்களுக்காக வருந்துவதற்கு அவர்கள் 'நம்ம பக்கம்' இருந்தாக வேண்டும் என்பதும் இல்லையே?

இரண்டாவது சண்டை 1782 ஜூனில், ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும். ஆரணியில் ஹைதருக்குச் சேமிப்புக் கிடங்கு இருந்தது, அதைக் குறிவைத்து கூட் வந்தார். முடிவு யாருக்கும் சாதகமில்லை. இதில் விழுந்தவர்களுக்கும் ஊரில் கல் இல்லை.

ஆனால் ஆரணிக் கோட்டையில் ஒரு நினைவுத்தூண் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போர்க்காலத்தில், 1790 செப்டம்பரில் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு எழுப்பியது. அவர் பெயர் கல்லில் இருப்பதில் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஊரைவிட்டு எங்கோ வந்து செத்த மனிதர் அவரும். அவர் பின்னால் நடந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் உறுத்தல். சென்னைப் படையின் சிப்பாய்கள் பெரும்பாலும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இடம் மாறியவர்கள். சாவுச் செய்தி தபாலில் போய்ச் சேரவேண்டிய தூரத்தில் அவர்கள் குடும்பம் எப்போதும் இருந்ததில்லை.

பெயர் பொறிக்கும் வழக்கம் நமக்கு இல்லாததா என்றால், இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே நடுகற்கள் ஏராளம். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படைத்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே சொல்கிறது. எடத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளை மீட்கும் பூசலில் செத்ததைச் சொல்கிறது. கூடவே கோவிவன் என்று ஒரு நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது! 7ஆம் நூற்றாண்டில் மாட்டுத்தொழுவத்து நாய்க்குக் கிடைத்த மரியாதை, 18ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட கற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று சொல்லி இன்றும் கும்பிடுகிறார்கள். யார் என்று தெரியாமலேயே பொங்கல் வைக்கிறார்கள். அதுவும் ஒரு வகை நன்றிதான், ஆராய்ச்சிக்காரர்கள் முகம் சுளித்தாலும்.

20ஆம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு தமிழக ஊர்கள் பலவற்றில் ஒரு கல்வெட்டு பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் 1929இல் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர், 33,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண். சென்னை சாப்பர்கள் மெசபடோமியாவில் பாலம் கட்டியவர்கள், அவர்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. பெயரோ நினைவோ இல்லாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம் என்பது அவர்களே சொன்ன கணக்கு.

1751இன் எட்டுப் பேரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உலகப்போர்க் காலத்தவர்களைத் தேட வழி இருக்கிறது. அந்த ஆணையத்தின் இணையதளத்தில் பெயர்ப்பட்டியல் கிடைக்கிறது. சில பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம்கூட உண்டு. நம் பக்கத்து ஊர்களுக்கு 'வட ஆற்காடு' என்று போட்டுத் தேடவேண்டும். ஊர்ப்பெயரை ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். யாராவது தட்டுப்பட்டால், உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அந்த வீட்டுப் பெயரை ஒருமுறை விசாரித்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.