சென்னையின் மேற்கு வழி: பூந்தமல்லிச் சாலையும் பயண ஏற்பாடுகளும்

சென்னைக் கோட்டையிலிருந்து மேற்கே காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், பெங்களூரு ஆகிய ஊர்களுக்குச் செல்லும் பழைய நெடுவழியின் முதல் தங்கலிடம் பூந்தமல்லி ஆகும். பூவிருந்தவல்லி என்பது இவ்வூரின் பெயருக்கு வழங்கும் மற்றொரு வடிவம். இராமானுசரின் ஆசிரியர்களுள் ஒருவராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இங்கு ஐரோப்பியப் படைவீரர்களுக்கான முகாம் இருந்தது. கப்பலில் வந்து இறங்கிய புதிய வீரர்களும் நோயுற்ற வீரர்களும் இங்கே தங்கவைக்கப்பட்டனர். ரயில் வருவதற்கு முன் மேற்கே பயணம் புறப்பட்ட எவரும் பூந்தமல்லியை மனத்தில் வைத்தே தம் முதல் நாளைக் கணக்கிட்டனர்.

இன்று ஒரு புதிய ஊருக்குச் செல்வதென்றால் பயணச் சீட்டும் தங்கும் விடுதியும் கைப்பேசியில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே வேலைக்கு மாதங்கள் பிடித்தன. அந்த ஏற்பாடுகள் யாருக்குக் கைகூடின, யாருக்குக் கைகூடவில்லை என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

நாளும் திசையும்

பயண ஏற்பாடு பஞ்சாங்கத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் உண்டு என்பது நம்பிக்கை. ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம். எனவே சென்னையிலிருந்து பூந்தமல்லிச் சாலையில் செல்ல வேண்டியவர்கள் இவ்விரு நாள்களையும் தவிர்த்தனர். தவிர்க்க இயலாதவர்கள் பரிகாரமாக வெல்லம் உண்டு புறப்பட்டனர். நல்ல நேரம் ஒரு நாளிலும் புறப்படும் வசதி வேறு நாளிலும் அமைந்தால் அதற்கும் வழி இருந்தது. பயண மூட்டையை நல்ல நேரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு வசதியான நாளில் அங்கிருந்து எடுத்துக்கொண்டு செல்வர். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மூடநம்பிக்கை என்று இதை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் மூட்டையை முன்கூட்டியே கட்டிவைக்கும் பழக்கத்தை இது ஏற்படுத்தியது என்பதையும் மறுக்க இயலாது.

பஞ்சாங்கத்தைவிடக் கண்டிப்பானது பருவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது ஏரிகள் நிரம்பி வழியும், ஆற்றைக் கடக்க இயலாது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும், வெள்ளம் வந்துவிட்டால் கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் வேறு தொல்லை. பகல் வெயிலில் மனிதரும் மாடும் சோர்ந்து போவதால் இரவில் பயணம் செய்து பகலில் சத்திரத்தில் ஓய்வெடுத்தனர்.

சத்திரம், தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி

மேற்கு வழியின் ஊர்ப்பெயர்களே அதன் வரலாற்றைச் சொல்கின்றன. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டிசத்திரம். இவ்வூர்களின் பெயரில் உள்ள சத்திரம் என்ற சொல் வழிப்போக்கர் தங்கிய அறச்சாலைகளைக் குறிப்பதாகும். வணிகரும் நிலக்கிழாரும் சத்திரம் கட்டி, அதன் செலவுக்கு நிலம் எழுதிவைத்தனர். திண்ணை, கிணறு, சமைக்க அடுப்பு, மாடு கட்ட இடம் ஆகியவையே அங்கே முதன்மையான வசதிகள். அரிசியும் விறகும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சில சத்திரங்களில் சோறும் போட்டனர். முதல் ஓரிரு நாள்களுக்குப் புளியோதரைக் கட்டுச்சோறும் அதன் பிறகு அவலும் மாவும் கைகொடுத்தன.

சத்திரங்களுக்கு இடையே தண்ணீர்ப்பந்தல்களும் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினால் அது சுமைதாங்கி. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி, மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்க முடியாமல் போன சுமையை எண்ணி, ஊர் பேர் தெரியாத வழிப்போக்கருக்கு அவர்தம் சுமையை இறக்க இடம் செய்து கொடுத்தனர். சாலைகளை அகலப்படுத்தியபோது பல இடங்களில் முதலில் பெயர்த்தெறியப்பட்டவை இக்கற்களே. இவற்றுக்குப் பட்டியல்கூட எடுக்காமல் விட்டது பெரும் குறை.

புக்கானன் கண்ட ஏரி

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் வேளாண்மையையும் தொழில்களையும் ஆராய்ந்து வருமாறு மருத்துவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் புக்கானனைத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி பணித்தார். புக்கானன் 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டார். முதல் நாள்களிலேயே அவர் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டு வியந்தார். வங்காளத்தில் பணியாற்றிய அவருக்கு, தோண்டி எடுத்த குளங்களே பழக்கம். இங்கோ இரு மேட்டுநிலங்களுக்கு இடையே கரை போட்டு மழைநீரைத் தேக்கியிருந்தனர். மழை பொய்த்தாலும் 32 ஊர்களின் நிலங்களுக்குப் பதினெட்டு மாதம் நீர் தரவல்லது இந்த ஏரி என்று தமக்குச் சொல்லப்பட்டதை அவர் எழுதிவைத்தார்.

புக்கானனின் பயண நூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. என்ன பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயணம் அது. அரசின் வருவாய்க்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. எனினும் நாள்தோறும் கண்டதை அன்றே எழுதும் அவரது ஒழுங்கு இல்லையென்றால், 1800-ஆம் ஆண்டுச் செம்பரம்பாக்கத்தைப் பற்றி இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. இன்று அந்த ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாடு முழுவதும் பேசப்பட்டதும் அதுவே.

தோள்களின் மீது சென்ற பயணம்

வசதி படைத்தவர்கள் பல்லக்கில் சென்றனர். நெடுந்தொலைவு செல்ல ஒரே குழு போதாது. எனவே புறப்படும் முன்னரே அஞ்சல் அதிகாரிக்கு எழுதி, வழியில் இன்னின்ன இடங்களில் இத்தனை ஆட்கள் காத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து முன்பணம் கட்ட வேண்டும். ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மாறி மாறித் தூக்குவர். முன்னால் ஒருவர் தீப்பந்தம் பிடித்து ஓடுவார். பெட்டிகளைக் காவடியில் கட்டித் தூக்கிவர வேறு ஆட்கள். அடுத்த தங்கலில் ஆட்கள் வராவிட்டால் பல்லக்கு நடுவழியில் நிற்கும். ஐரோப்பியர் பலர் எழுதிய பயணக் குறிப்புகளில் தூக்கிகளைப் பற்றிய புலம்பலும் கேலியும் மிகுதி. இரவெல்லாம் செருப்பில்லாமல் ஓடியவர்கள் தங்கள் பக்கத்தை எழுதிவைக்கவில்லை.

மாட்டுவண்டி இதைவிட மலிவு, ஆனால் மெதுவானது. பெரும்பாலான மக்களோ நடந்தே சென்றனர்.

வீராசாமியின் காசி யாத்திரை

சென்னையிலிருந்து புறப்பட்ட பயணங்களுள் ஏற்பாட்டின் நுணுக்கத்துக்குச் சிறந்த சான்று ஏனுகுல வீராசாமி ஐயாவின் காசி யாத்திரை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், 1830 மே 18 அன்று குடும்பத்தாரும் பணியாளர்களுமாக ஏறக்குறைய நூறு பேருடன் புறப்பட்டார். பூந்தமல்லிச் சாலையில் செல்லாமல் திருப்பதி வழியாகக் கடப்பை, ஐதராபாத், நாகபுரி, பிரயாகை ஆகிய ஊர்களைக் கடந்து காசியை அடைந்தார். கயை, கல்கத்தா, பூரி ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரை வழியாக 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கும் மேல் நீண்ட பயணம்.

கோமளேஸ்வரபுரம் சீனிவாச பிள்ளை என்ற நண்பருக்காக அவர் தெலுங்கில் எழுதிய நாட்குறிப்பு 1838-இல் நூலாக வெளிவந்தது. தெய்வ தரிசனம் மட்டுமே இருக்கும் என்று எண்ணி அதைத் திறப்பவர் வியப்படைவர். எந்த ஊரில் எந்தப் பொருள் கிடைக்கும், வழி எப்படி, தங்க இடம் உண்டா, என்ன நாணயம் செல்லும் என்பவற்றை அவர் பொறுமையாகக் குறித்துள்ளார். நாணயக் கணக்கு அன்று சாதாரணச் சிக்கல் அன்று. 1835-இல்தான் கம்பெனி ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஐதராபாத் ரூபாய் ஒன்று, நாகபுரி ரூபாய் வேறொன்று. கையில் பணம் கொண்டுபோனால் கொள்ளையர் அச்சம் இருந்ததால், வணிகர்களின் உண்டியல் சீட்டுகளைப் பெற்றுச் சென்று ஆங்காங்கே மாற்றிக்கொள்வது வழக்கம். பிரயாகை, கயை, பூரி ஆகிய இடங்களில் யாத்திரிகர்களிடம் கம்பெனி அரசு வரியும் வாங்கியது. தமக்குப் பின் வருபவர் ஏமாறக் கூடாது என்ற ஆசிரியர் மனம் வீராசாமியின் எழுத்தில் தெரிகிறது.

ரயில் வந்தது, பூந்தமல்லி விலகியது

1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் ஆற்காட்டை அடுத்த வாலாஜா சாலைக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நடந்தால் மூன்று நான்கு நாள் ஆகும் வழி சில மணி நேரமாகச் சுருங்கியது. இருப்புப்பாதை பூந்தமல்லியைத் தொடவில்லை. அதற்கு வடக்கே அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகச் சென்றது. நூற்றாண்டுகளாக வழிப்போக்கரை வரவேற்ற ஊர் ஒதுங்கி நிற்க, ஏரிகளுக்கு நடுவே சிற்றூர்களாக இருந்த அம்பத்தூரும் ஆவடியும் பாதையின்மேல் வந்தன. பிற்காலத்தில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையும் தொழிற்பேட்டையும் எழுந்தமைக்கும், 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது மக்கள் திரளாக வந்துசேர முடிந்தமைக்கும் இப்பாதை ஒரு முக்கியக் காரணம்.

1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும், 1871-இல் ராய்ச்சூர் வழியாக மும்பைக்கும் ரயில் தொடர்பு ஏற்பட்டது. பயண ஏற்பாட்டின் இயல்பே மாறியது. பஞ்சாங்கத்தின் இடத்தில் ரயில் கால அட்டவணை வந்தது. சூலம் பார்த்துத் தாமதிப்பவருக்காக ரயில் நிற்காது. அந்த அட்டவணைகளில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1906-இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வரும்வரை, நாட்டின் ரயில்கள் பல ஆண்டுகள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தையே பின்பற்றின. வழிகாட்டி நூல்களும் பெருகின. எட்வர்டு ஈஸ்ட்விக் எழுதி லண்டன் மர்ரே நிறுவனம் 1859-இல் வெளியிட்ட கையேட்டில் சென்னை மாகாணத்தின் வழிகள் தொலைவுடன் தரப்பட்டிருந்தன. தமிழில் கோயம்புத்தூர் சே. ப. நரசிம்மலு நாயுடு தம் வடநாட்டு ரயில் பயணங்களைக் கொண்டு ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்ற பெரிய நூலை 1889-இல் வெளியிட்டார். பின்வந்த ஏ. கே. செட்டியார், சோமலெ ஆகியோரின் பயண எழுத்துகளுக்கு இது முன்னோடி.

கதவு யாருக்குத் திறந்தது

சத்திரங்களின் அறத்தைப் போற்றும்போது சொல்லாமல் விடப்படும் செய்தி ஒன்று உண்டு. எல்லாச் சத்திரங்களும் எல்லாருக்கும் திறக்கவில்லை. பலவற்றில் பிராமணருக்கு மட்டுமே சோறு. தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்டவர்கள் கிணற்றைத் தொடவும் இயலாது. வீராசாமியைப் போல நூறு பேருடன் கூடாரமும் சமையல்காரரும் கொண்டு செல்ல எல்லாராலும் ஆகுமா?

1904-இல் ஈரோட்டிலிருந்து வீட்டைவிட்டு வெளியேறிய ஈ. வெ. ராமசாமி கையில் போதிய பணமின்றிக் காசியை அடைந்தார். பசியுடன் சத்திரத்துக்குள் நுழைய முயன்றபோது, பிராமணர் அல்லாதவர் என்று கண்டு வெளியே தள்ளப்பட்டார். எச்சில் இலைகளில் மிஞ்சியதை உண்ண வேண்டியதாயிற்று. அந்தச் சத்திரத்தைக் கட்டியவரே தென்னாட்டைச் சேர்ந்த பிராமணர் அல்லாத செல்வர் என்பதை அறிந்து தாம் அடைந்த சினத்தைப் பிற்காலத்தில் அவர் பலமுறை கூறியுள்ளார். ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டி அழுக்கும் நெரிசலும் நிறைந்தது, ஆனால் சீட்டு வாங்கிய எவரும் அதன் பலகையில் உட்கார்ந்தனர். ரயில் நிலையத்திலோ தனித்தனித் தண்ணீர்ப் பானைகள் நெடுங்காலம் இருந்தன.

சென்னை நகருக்குள் பூந்தமல்லி நெடுஞ்சாலை என வழங்கிய சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2002-இல் கோயம்பேட்டில் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபோது வெளியூர்ப் பயணங்களின் தொடக்கம் மீண்டும் இந்தச் சாலைக்கு வந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ வழித்தடத்துக்குத் தூண்கள் எழுந்துள்ளன. காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு செல்லும் பேருந்துகளுக்கான புதிய முனையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே உள்ள குத்தம்பாக்கம்.